கூரை வேலை ஒப்பந்தக்காரரின் வண்டிகள்: எந்தக் காப்பீடு எதுவரை பொறுப்பேற்கும்?

கேள்வி: முகட்டோடு

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாகப் பழைய கூரையைப் பிரித்து மாற்றுவது, புதிதாகத் தகடும் ஓடும் வேய்வது, மேல்தளங்களுக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் போடுவது ஆகிய வேலைகளை ஒப்பந்த அடிப்படையில் எடுத்துச் செய்து வருகிறேன். என்னிடம் ஒரு பிக்கப் வண்டியும், திறந்த தட்டுடைய சிறிய லாரி ஒன்றும், தார் காய்ச்சும் கொப்பரை பொருத்திய டிரெய்லர் ஒன்றும் உள்ளன. வேலை நெருக்கும்போது வாடகை வண்டி அமர்த்துவதுண்டு. பணியாளர்களில் இருவர் தம் சொந்த வண்டிகளிலேயே திருகாணி, பசை, ரப்பர் வாஷர் போன்ற சில்லறைப் பொருள்களை வாங்கி வருவதும் உண்டு.

வணிக வாகனக் காப்பீடு எடுத்துவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று இத்தனை ஆண்டுகளும் இருந்துவிட்டேன். அண்மையில் அடுத்தடுத்து நேர்ந்த இரண்டு சம்பவங்கள் அந்த நிம்மதியைக் குலைத்துவிட்டன. முதலாவது, வேலைத்தளத்துக்கு வெளியே இரவில் நிறுத்தியிருந்த பிக்கப்பின் கண்ணாடியை உடைத்து, உள்ளே இருந்த டிரில்லிங் இயந்திரங்களையும் தகடு வெட்டும் கருவியையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். கண்ணாடிக்கு மட்டும் பணம் வந்தது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவிகளுக்கு எதுவும் வரவில்லை. இரண்டாவது, லாரியிலிருந்து தகடுகளைக் கையால் இறக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று நழுவி, பக்கத்தில் நின்ற காரின் கதவைக் கிழித்துவிட்டது. வாகனக் காப்பீட்டு நிறுவனம் அதனைத் தொழில் விபத்து என்கிறது. தொழில் செய்கையில் பிறருக்கு நேரும் கேட்டுக்கான தொழிற்பொறுப்புக் காப்பீடு தந்த நிறுவனமோ அது வாகன விபத்து என்கிறது. கார் உரிமையாளர் என்னைத்தான் கேட்கிறார்.

இப்போது புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது. எதை மாற்ற வேண்டும், எதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்பதை இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழைய சர்வேயர்

வணக்கம். விபத்துக்குள்ளான வாகனங்களின் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சட்ட விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் வாகனக் காப்பீட்டின் எலும்புக்கூடு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வாகனப் பாலிசி இரண்டு வேலைகளைச் செய்கிறது. வண்டியால் பிறருடைய உடலுக்கோ உடைமைக்கோ கேடு நேர்ந்தால் அதற்கான பொறுப்பை ஏற்பது ஒன்று. இதுவே மூன்றாம் தரப்புக் காப்பீடு, பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி கட்டாயமானது. வண்டிக்கே நேரும் சேதத்தை ஈடுசெய்வது மற்றொன்று. இந்த இரண்டில் எதிலும் வண்டியின் மேல் இருக்கும் பொருளுக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணாடி வண்டியின் உறுப்பு, ஆகவே பணம் வந்தது. டிரில்லிங் இயந்திரம் வண்டியில் ஏறி வந்த பயணி போன்றது; அதற்குத் தனிச் சீட்டு வேண்டும். கருவிகளுக்கென்று தனிக் காப்பீடும், வழியில் கொண்டுசெல்லும் தகடு, ஓடு முதலியவற்றுக்குச் சரக்குப் பயணக் காப்பீடும் இருக்கின்றன. எடுக்கும்போது இரவு நேர நிபந்தனையைத் தேடிப் படியுங்கள். பூட்டிய கட்டடத்துக்குள் அல்லது காவலுள்ள இடத்தில் வண்டி நின்றிருந்தால் மட்டுமே இரவுத் திருட்டுக்குப் பணம் என்று பல பாலிசிகள் சொல்கின்றன. தெருவோரத்தில் வண்டியை விடும் பழக்கம் உள்ளவருக்கு அந்த நிபந்தனையுள்ள பாலிசி வெறும் காகிதம்.

அடுத்து, நான் பார்த்த மறுப்புகளில் மிகப் பெரும்பகுதி விபத்து நடந்த விதத்தால் வந்ததன்று. விண்ணப்பத்தில் எழுதியதற்கும் சாலையில் ஓடியதற்கும் இடையே இருந்த வேறுபாட்டால் வந்தது. "சொந்தச் சரக்கு ஏற்றுதல்" என்று எழுதிவிட்டு, ஓய்ந்திருக்கும் நாள்களில் வேறொரு ஒப்பந்தக்காரரின் சரக்கை வாடகைக்கு ஏற்றினால், அது வேறு பயன்பாடு. ஏணியும் நீளத் தகடும் ஏற்றுவதற்காக ஓட்டுநர் அறையின் மேல் இரும்புச் சட்டகம் அடித்திருப்பீர்கள். அது விண்ணப்பத்தில் இல்லை என்றால், முதலில் அந்தச் சட்டகத்தின் மதிப்பு உங்களுக்குக் கிடைக்காது. மேலும், வண்டி கவிழ்ந்த விபத்தில் அந்த உயரச் சுமைதான் காரணம் என்று தெரிந்தால் முழுக் கோரிக்கையே தடுமாறும். வண்டியுடன் நிலையாகப் பற்றவைத்த அல்லது போல்ட் போட்ட பெட்டி, சட்டகம், சிறு பாரந்தூக்கி ஆகியவற்றை அவற்றின் விலையுடன் எழுதிக் கொடுத்து, பாலிசியுடன் இணைக்கும் திருத்தக் குறிப்பாக, அதாவது எண்டார்ஸ்மென்டாக, வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்டிடம் வாய்மொழியாகச் சொன்னது கோரிக்கை நாளன்று எவருக்கும் நினைவிருக்காது.

எடையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் கூரை வேலைக்காரர்கள் அதைக் கண்ணளவில் மதிப்பிட்டு ஏமாறுகிறார்கள். அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ. 6 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தகடு 24 கிலோ அளவில் வரும். நாற்பது தகடு சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கிவிடும். சுட்ட மண் ஓடு ஒன்று இரண்டரை முதல் மூன்று கிலோ வரை என்று கொண்டால், ஆயிரம் ஓடுகள் மூன்று டன்னைத் தொடக்கூடும். சூடுகாட்டி ஒட்டும் பிட்டுமன் சுருள்கள் பார்வைக்குச் சிறியவை, ஆனால் இருபத்தைந்து சுருளில் ஒரு டன் வந்துவிடும். பிரித்த பழைய கூரைதான் இவற்றிலும் மோசம். மழையில் நனைந்த மரமும் சாந்தும் என்ன எடை என்று எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைத் தாண்டியிருந்தது என்பது சர்வேயரின் அறிக்கையில் ஒரே வரிதான். ஆனால் அந்த வரியை அழிக்க உங்களால் இயலாது.

பதில் 2: ஏணிக்கால்

நானும் கூரை ஒப்பந்தக்காரன்தான். மேலே பெரியவர் எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை; ஆனால் உங்கள் கேள்வியில் என் கண்ணை உறுத்தியது கருவித் திருட்டு அன்று, அந்தத் தார்க் கொப்பரை.

டிரெய்லர் இழுக்கும் வண்டியோடு சேர்ந்தது, அதனால் தனியாக எழுதத் தேவையில்லை என்று நம் தொழிலில் பலர் நினைக்கிறார்கள். இணைத்து இழுக்கும்போது பிறருக்கு நேரும் கேட்டுக்கு இழுக்கும் வண்டியின் பாலிசி பொறுப்பேற்கலாம். அதற்கும் எடை வரம்பு இருக்கும். டிரெய்லருக்கே சேதம் நேர்ந்தால், அதைத் தனியே பாலிசியில் பட்டியலிட்டிருக்க வேண்டும். கழற்றி வேலைத்தளத்தில் நிறுத்திவிட்டுச் சென்ற பின் அது தானாக உருண்டு போய் ஒரு சுவரை இடித்தால் யார் பொறுப்பு? இதனைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கொப்பரையில் தார் 200 பாகை செல்சியஸுக்கு மேல் காய்கிறது. வண்டி நின்ற இடத்தில், அடுப்பு எரிந்துகொண்டிருக்கையில் அது பொங்கி வழிந்து ஒருவர் வெந்துபோனால், அங்கே டிரெய்லர் வாகனமாக இயங்கவில்லை, தொழிற்கருவியாக இயங்கியது என்று வாகனக் காப்பீட்டு நிறுவனம் விலகிக்கொள்ள வாசகம் உண்டு. பாரந்தூக்கி பொருத்திய வண்டிக்கும் இதே கதிதான். சாலையில் ஓடும்வரை வாகனம், தூக்கத் தொடங்கியதும் இயந்திரம். அதுமட்டுமன்று, தார் சிந்தி வடிகாலில் இறங்கினால் அது சுற்றுச்சூழல் மாசு என்ற தனிக் கணக்கில் போய்விடும்; பெரும்பாலான வாகனப் பாலிசிகளும் பொறுப்புப் பாலிசிகளும் அதை விலக்கியே வைத்திருக்கின்றன. நெருப்பு வைத்துச் செய்யும் வேலைகளுக்குத் தொழிற்பொறுப்புப் பாலிசியில் தனி நிபந்தனைகள் இருக்கும். அருகில் தீயணைப்பான் வைத்திருத்தல், வேலை முடிந்தபின் குறித்த நேரம் காவல் இருத்தல் முதலியவை. அவற்றை மீறினால் பாலிசி இருந்தும் பயன் இல்லை. கேஸ் சிலிண்டரைப் பணியாளர் அமரும் அறைக்குள் வைத்துக் கொண்டுபோவதையும் இன்றே நிறுத்துங்கள்.

மற்றொன்று, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது ஆள்களைத் தட்டில், தகடுகளின் மேலேயே உட்காரவைத்து ஏற்றி வருகிறோம். நானும் செய்திருக்கிறேன். சரக்கு வண்டிக்கான பாலிசி, ஓட்டுநருக்கும் அறைக்குள் இருக்கைக்கு உரியவர்களுக்குமே பேசுகிறது. தட்டில் இருந்தவர் விழுந்தால், அவருக்குப் பணியாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் இடம் உண்டா, வேலைக்கு வரும் வழியும் போகும் வழியும் அதில் அடங்குமா என்பதெல்லாம் வேறு வழக்காக நீளும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு பணியாளரின் இடுப்பு எலும்பு முறிவுக்காகத் தன் லாரியையே விற்க நேர்ந்தது. அவரிடம் மூன்று பாலிசிகள் இருந்தன. அந்தத் தட்டு மூன்றிலும் இல்லை.

கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 80க்குப் போனால், மேல் தகட்டைத் தூக்கும் விசை ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. ஊருக்குள் அசையாத கட்டு நெடுஞ்சாலையில் அவிழ்வதற்கு அதுவே காரணம். புறப்படும்முன் கட்டிய நிலையில் ஒரு புகைப்படம், சிறிது தூரம் ஓடியபின் நிறுத்தி இறுக்கியபோது ஒரு புகைப்படம் என்று என் ஓட்டுநர்கள் எடுத்து வைக்கிறார்கள். பிரீமியம் அதனால் குறையவில்லை, உண்மைதான்; ஆனால் பின்னால் வந்த கார்க்காரர் ஒருமுறை கவனக்குறைவு என்று குற்றம் சாட்டியபோது அந்தப் படங்கள் எனக்காகப் பேசின.

பதில் 3: கணக்குப்பிள்ளை

ஒப்பந்தக்காரர்களுக்குக் காப்பீடு தேடித் தரும் தரகராக இருக்கிறேன். கார்க் கதவு விவகாரத்துக்கு வருகிறேன், ஏனெனில் அதை இதுவரை யாரும் தொடவில்லை.

ஏற்றுவதும் இறக்குவதும் வாகனத்தின் பயன்பாடா, தொழிலின் ஒரு பகுதியா என்பது காப்பீட்டில் பழைய சண்டை. பல பாலிசிகளின் வாசகம் இவ்வாறு பிரிக்கிறது: பொருளை வண்டியில் ஏற்றுவதற்காக எடுத்த கணத்திலிருந்து, சேர வேண்டிய இடத்தில் வைக்கும்வரை உள்ள கையாளுதல், கையாலோ கைவண்டியாலோ நடந்தால், வாகனப் பாலிசியைச் சேரும், வண்டியுடன் இணைக்கப்படாத இயந்திரத்தால், எடுத்துக்காட்டாகத் தனியாக நிற்கும் கிரேனால் நடந்தால், தொழிற்பொறுப்புப் பாலிசியைச் சேரும். உங்கள் பாலிசியில் இந்த வாசகம் இருந்தால், கையால் இறக்கிய தகடு வாகனக் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு என்று வாதிட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது. ஆனால் வேறு சில பாலிசிகள் சாலையை விட்டு விலகிய இடத்தில் நடக்கும் இறக்குதலையே முற்றிலும் விலக்குகின்றன. அதனால் "பொதுவாக இப்படி" என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், உங்கள் பாலிசியில் ஏற்றி இறக்குதல் என்ற சொல் வரும் ஒவ்வொரு பத்தியையும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

வாடகை வண்டியும் பணியாளரின் சொந்த வண்டியும் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டவை. எனக்கு அவைதான் பெரிய ஓட்டையாகத் தெரிகின்றன. பணியாளர் தன் வண்டியில் உங்களுக்காக வாஷர் வாங்கப் போகும் வழியில் ஒருவர் மீது மோதினால், அடிபட்டவரின் வழக்கறிஞர் அந்த நேரத்தில் அவர் யாருடைய வேலையில் இருந்தார் என்பதைத்தான் முதலில் கேட்பார். விடை நீங்கள். பணியாளருடைய தனிப்பயன்பாட்டுப் பாலிசியோ வேலைக்காக ஓட்டியதைக் காரணம் காட்டி விலகக்கூடும். உங்கள் வாகனப் பாலிசி அதில் எழுதிய வண்டிகளுக்கு மட்டுமே. சொந்தமல்லாத, வாடகைக்கு எடுத்த வண்டிகளால் வரும் பொறுப்புக்கென்றே ஒரு சேர்ப்பு உண்டு. எழுதித் தரும் இடங்களில் அதற்கான கூடுதல் பிரீமியம் பொதுவாகப் பெரிதாக இருப்பதில்லை. கிடைக்காத இடத்தில், பணியாளர்களுடைய பாலிசியில் தொழிற்பயன்பாட்டைச் சேர்க்கச் சொல்லி, அந்தச் செலவை நீங்கள் ஏற்பதே மலிவு. அந்தச் சேர்ப்பும் பணியாளருடைய வண்டிக்கு நேரும் சேதத்தைத் தராது, பிறருக்கு நேர்ந்ததை மட்டுமே தரும். இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கருவிகளுக்குக் காப்பீடு எடுக்கும்போது பிரீமியத்தை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். உங்கள் கருவிகளின் உண்மை மதிப்பு 100 என்று கொள்வோம். 60க்கு மட்டும் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள். 40 மதிப்புள்ளவை திருடுபோகின்றன. 60க்குள் 40 அடங்குகிறதே, முழுவதும் வரும் என்று நினைப்பீர்கள். காப்பீடு செய்த விகிதத்திலேயே இழப்பைத் தரும் சராசரி விதி உள்ள பாலிசியில் 40இல் 60 விழுக்காடு, அதாவது 24தான் வரும். அதிலும் நீங்கள் ஏற்க ஒப்புக்கொண்ட முதல் தொகை கழியும். வண்டியின் மதிப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கடனில் வாங்கிய வண்டி முற்றிலும் சிதைந்தால் பணம் முதலில் கடன் தந்தவருக்குப் போகும். தேய்மானம் கழித்த மதிப்பு கடன் பாக்கியைவிடக் குறைந்திருந்தால், வண்டியும் இல்லாமல் தவணையும் கட்ட வேண்டிவரும்.

பெரிய கட்டுமான நிறுவனத்தின் கீழ் துணை ஒப்பந்தம் எடுப்பவரானால், ஒப்பந்தத்தில் அவர்கள் கேட்கும் பொறுப்பு வரம்பைக் கையெழுத்திடும் முன் எனக்கோ உங்கள் தரகருக்கோ காட்டுங்கள். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் ஒன்று. ஒப்பந்தம் கேட்பது பெரும்பாலும் அதைவிட மிக அதிகம். அவர்கள் பெயரையும் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கச் சொல்வார்கள். அவர்களிடமிருந்து பின்னர் வசூலிக்கும் உரிமையைக் காப்பீட்டு நிறுவனம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். அந்த உரிமையைக் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் நீங்களே கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்தால், நாளை உங்கள் கோரிக்கையையே அந்த நிறுவனம் மறுக்கலாம்.

முகட்டோடு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு பாலிசியை முதன்முறையாக முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். ஏற்றி இறக்குதல் பற்றிய பத்தி, கணக்குப்பிள்ளை குறிப்பிட்ட முதல் வகையாகவே இருக்கிறது. கையால் என்ற சொல்லும் இருக்கிறது. ஓட்டுநர் அறையின் மேல் அடித்த சட்டகம் எங்கும் இல்லை. டிரெய்லரும் இல்லை. தட்டில் ஆள் ஏற்றுவதை நிறுத்தி, மாலையில் அவர்களுக்கென்று ஒரு வேன் பேசிவிட்டேன்.

ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. இந்தச் சண்டை முடியும்வரை கார் உரிமையாளரை நானே சமாதானப்படுத்திப் பணம் கொடுத்துவிடலாமா? தொகை பெரிதன்று, தெருவில் பெயர் கெடுவதுதான் வருத்தமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

கொடுக்காதீர்கள், தவறு என்னுடையது என்று எழுதியும் தராதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொள்வதும் சமரசம் செய்வதும் ஏறக்குறைய எல்லாப் பொறுப்புப் பாலிசிகளிலும் தடை செய்யப்பட்டவை. அந்த ஒரு கையெழுத்தே அவர்களுக்கு மறுக்கக் காரணமாகிவிடும். கார் உரிமையாளரிடம் கோரிக்கை பதிவாகிவிட்டது என்பதைச் சொல்லி, பதிவு எண்ணைக் கொடுத்து, பழுதுபார்ப்புக்கான மதிப்பீட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அத்துடன் இரண்டு நிறுவனங்களுக்கும் ஒரே நாளில், ஒரே கடிதத்தை அனுப்புங்கள். நடந்ததை நடந்தபடி, யார் எந்தப் பக்கம் நின்றார், தகடு எந்தக் கணத்தில் நழுவியது, வண்டி சாலையில் நின்றதா தளத்துக்குள் நின்றதா என்பவற்றை எழுதுங்கள். வாகனப் பாலிசியின் அந்தப் பத்தியை எடுத்தெழுதி, மறுப்பதானால் எந்தப் பத்தியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் தெரிவிக்கக் கேளுங்கள். மற்றவருக்கும் பிரதி அனுப்பப்பட்டிருக்கிறது என்பது கடிதத்தின் அடியில் தெரியட்டும். பத்தியைச் சுட்டாத தொலைபேசி மறுப்பை மறுப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுத்தில் மறுத்தால், உங்கள் நாட்டில் காப்பீட்டுக் குறைகளைக் கேட்கும் அமைப்பிடம் அந்தக் கடிதத்தோடு போகலாம்.

பழைய சர்வேயர்

அந்தத் தகட்டைக் கூரையில் ஏற்றிவிடவில்லையே? ஓரத்தில் காரின் வண்ணம் ஒட்டியிருக்கும். சர்வேயர் வந்து பார்க்கும்வரை அதைத் தனியே எடுத்து வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டகத்துக்கும் டிரெய்லருக்கும் திருத்தக் குறிப்பு கேட்டு எழுதுவதைப் புதுப்பிக்கும் நாள்வரை தள்ளிப்போட வேண்டாம்; பாலிசி நடப்பில் இருக்கும்போதே சேர்க்கலாம், மீதமுள்ள நாள்களுக்கு மட்டுமே கூடுதல் பிரீமியம் கேட்பார்கள்.